கூட்டத்தில் நான் சொன்னது

செப்டம்பர் 11

நூலகத்துக்கு ஏறும் சாய்தளத்தை இன்று திறந்தார்கள். எட்டாம் வகுப்பு தாரணி சக்கர நாற்காலியைத் தானே உருட்டி மேலே போய், கதவருகில் திரும்பி எங்களைப் பார்த்துக் கையாட்டினாள். வருடக்கணக்கில் மனு மேல் மனு எழுதியது தீர்த்தகிரி சார்தான் என்று தலைமையாசிரியர் சுகுணாதேவி மேடம் மைக்கில் சொன்னார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூச்சமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் பிடித்திருந்தது.

மாலையில் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து போன். அடுத்த மாதம் தர்மபுரியில் ஆசிரியர்களுக்கு 'அனைவருக்குமான பள்ளி' என்று ஒரு பயிற்சி. பயிற்சி கொடுப்பவர்களில் ஒருவராக என்னைப் போட்டிருக்கிறார்களாம். சத்துணவு நேரத்தில் மலையூர்ப் பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்கார வைத்ததை நான் சண்டை போட்டு நிறுத்திய கதை அங்கே வரை போயிருக்கிறது.

வரும் வழியில் தோசை மாவும் கொத்தமல்லியும் வாங்கினேன். சனிக்கிழமை ஜெ. வருவான்.

செப்டம்பர் 14

என் ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவில் யுகேந்திரன் என்று ஒரு பையன். ஒல்லி. அழகான கையெழுத்து. பேசும்போது கையும் சேர்ந்து பேசும். நடக்கும்போது இடுப்பு கொஞ்சம் அசையும். அவ்வளவுதான். அதற்கு மேல் தன்னைப் பற்றி அவனுக்கே எதுவும் தெரிந்திருக்காது.

இன்று கரும்பலகையில் ஐரோப்பா வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது பின்பெஞ்சிலிருந்து 'ஒம்போது' என்று ஒரு குரல். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நான் திரும்பவில்லை. "சத்தம் வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டால் விஷயம் பெரிதாகும். பெரிதானால் அவனுக்குத்தான் கஷ்டம்.

வரைபடத்தில் இத்தாலி சரியாக வரவில்லை. அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

செப்டம்பர் 16

ஜெ. ஓசூரிலிருந்து வந்தான். அங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை. சந்தைக்குப் போனோம். குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது, அவன் வாஷர் மாற்றினான்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரம்மா படியில் பிடித்துக்கொண்டார். "மாமா பையன் வந்திருக்காராட்டம்?"

"ஆமாங்கக்கா."

"ரெண்டு பேருக்குமே பொண்ணு அமையலியா, இல்ல நீங்கதான் வேணாங்கறீங்களா?"

இரண்டு பேரும் சிரித்தோம். இந்தச் சிரிப்பு எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

செப்டம்பர் 20

காலை வழிபாட்டில் யுகேந்திரன் மயங்கி விழுந்தான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சிறுநீர்ப் பாதையில் கிருமி என்றார் டாக்டர். தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆட்டோவில் திரும்பும்போது சொன்னான். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் சாயந்தரம் வரை தண்ணீர் குடிக்க மாட்டானாம். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போனால் மூன்று பையன்கள் பின்னாலேயே வருகிறார்கள். "பாக்கணும்"னு சொல்றாங்க சார் என்றான். போன வாரம் கால்சட்டையை இழுத்துப் பார்த்தே விட்டார்கள்.

"ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?"

மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே, "சொல்லலாம்னுதான் சார் இருந்தேன்" என்றான்.

மேடத்திடம் சொல்லிவிட்டேன். பெற்றோரை அழைத்துக் கூட்டம் போடலாம் என்றார்.

செப்டம்பர் 22

ஆசிரியர் அறையில் இதே பேச்சு. பி.டி. சார் பச்சையப்பன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அவனை ரெண்டு மாசம் எங்கிட்ட விடுங்க, கிரவுண்ட்ல நாலு ரவுண்டு ஓடவிட்டா எல்லாம் சரியாப்போயிடும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "தீர்த்தகிரி சாருக்குத்தான் அந்த மாதிரி பசங்க மேல ஒரு தனிப் பாசம்" என்றார். சொல்லும்போது கண்ணைச் சிமிட்டினாரா, டீ சுட்டதா, தெரியவில்லை.

தமிழாசிரியை அமுதவல்லி மட்டும் சிரிக்கவில்லை. தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

நானும் சிரித்தேன்.

செப்டம்பர் 25

கூட்டம் சுமுகமாக முடிந்தது. துணி துவைத்தேன்.

செப்டம்பர் 26

யுகேந்திரன் வரவில்லை. உடம்பு இன்னும் தேறியிருக்காது.

செப்டம்பர் 28

காலாண்டுத் தேர்வு சமூக அறிவியல் தாள். அவன் இடம் காலி. அமுதவல்லி டீச்சர், "உங்க பையன் தமிழ்ப் பரீட்சைக்கும் வரலியே சார்" என்றார். போன் போட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

போட்டேன். மணி அடித்தது. யாராவது எடுப்பதற்குள் நானே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 5

தர்மபுரியில் பயிற்சி. அரங்கு நிறைய ஆசிரியர்கள். ஒன்றரை மணி நேரம் பேசினேன். சாய்தளக் கதை, சத்துணவு வரிசைக் கதை எல்லாம் சொன்னேன். கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் பென்னாகரம் பக்கத்து டீச்சர் ஒருவர் எழுந்தார். "எங்க ஸ்கூல்ல ஒரு பையன் பொண்ணு மாதிரி நடந்துக்கறான் சார். மத்த பசங்க ரொம்ப படுத்தறாங்க. நாங்க என்ன செய்யணும்?"

நான் சொன்ன பதில் நன்றாக இருந்தது. குழந்தையை மாற்ற முயலக் கூடாது, சூழலைத்தான் மாற்ற வேண்டும் என்றேன். அந்தக் குழந்தைக்குப் பள்ளியில் நம்பிக்கையான ஒரு பெரியவராவது இருக்க வேண்டும், அது நீங்களாக இருங்கள் என்றேன். அந்த டீச்சர் குறிப்பு எடுத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அதைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

மதியம் தயிர்சாதம் இறங்கவில்லை. வெயில்தான் காரணமாக இருக்க வேண்டும்.

அக்டோபர் 9

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தும் யுகேந்திரன் வரவில்லை. தொடர்ந்து வராத பிள்ளைகளின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் போய்ப் பார்த்தாக வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. உத்தரவு இருந்ததால் போனேன்.

அவன் அம்மா வேடியம்மா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். கொட்டையை நீக்கிக் கொடுத்தால் கூலி. அப்பா இல்லை. என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார்.

"பையன் எங்கம்மா?"

"பெங்களூருல எங்கண்ணன் பேக்கரி வெச்சிருக்குது சார். அங்க வுட்டுட்டு வந்துட்டேன்."

"படிப்பு என்னாவறது?"

அவர் ஒரு புளியை எடுத்து மறுபடி கீழே வைத்தார்.

"நீங்க சொன்னீங்க இல்ல சார், அன்னிக்கு. சாயந்தரம் வந்ததுலர்ந்து வூட்டுக்குள்ளயே நடந்து பழகினான். இந்தச் சுவத்துலர்ந்து அந்தச் சுவரு. 'இப்ப சரியா இருக்குதாம்மா, இப்ப சரியா இருக்குதாம்மா'ன்னு கேட்டுக்கினே நடந்தான். நான் என்னான்னு சார் சொல்றது? எனக்கு அவன் எப்பவும் நடக்கற மாதிரிதான் தெரிஞ்சுது. நாலு நாளு நடந்தான். அப்புறம் அந்த மூலையில உக்காந்துக்கினு, 'எனக்கு வரலம்மா, நான் ஸ்கூலுக்குப் போவல'ன்னு அழுதான்."

நான் அந்த மூலையைப் பார்த்தேன்.

"உங்க மேல கோவம் இல்ல சார். புள்ள நல்லதுக்குத்தான சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அக்டோபர் 10

கூட்டம் சுமுகமாக முடிந்தது என்று எழுதியிருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

மேடத்தின் அறை. மேடம், பச்சையப்பன், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து முனிரத்தினம். கழிப்பறையில் வம்பு செய்த மூன்று பேரில் ஒருவன் அவர் மகன். வேடியம்மா நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்றார். யுகேந்திரன் அவருக்கு ஒட்டினாற்போல நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க கிளாஸ் சார் இருக்காரும்மா" என்று சொல்லித்தான் அம்மாவை அழைத்து வந்தானாம். உள்ளே வரும்போது அவரே சொன்னார்.

முனிரத்தினம், பசங்க விளையாட்டுக்குச் செஞ்சதை எதுக்குப் பெருசு பண்றீங்க என்றார். பச்சையப்பன், அவன் அப்படி நடந்தா பசங்க கிண்டல் பண்ணத்தான் செய்வானுங்க என்றார். மேடம் என் பக்கம் திரும்பினார். "உங்க கிளாஸ் பையன். நீங்க என்ன சார் சொல்றீங்க?"

பச்சையப்பனும் என்னைப் பார்த்தார். அதே டீ குடிக்கும் முகம்.

"அந்தப் பசங்களைக் கண்டிக்கணும் மேடம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா, யுகேந்திரனும் நடை, பேச்சு எல்லாத்தையும் கொஞ்சம் மாத்திக்கணும். ஆம்பளப் பையனா நடந்துக்கிட்டா யாரும் எதுவும் சொல்லப்போறதில்ல."

பச்சையப்பன் என் தோளைத் தட்டி, "சார் கரெக்டா சொன்னாரு" என்றார். அந்தக் கை தோளில் விழுந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பையன் முகம் என்ன ஆனது என்று நான் பார்க்கவே இல்லை. மேடத்தின் மேசை மேலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முழங்கையை உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும். குதிகாலை முதலில் ஊன்ற வேண்டும். பேசும்போது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்ள வேண்டும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. படிக்கும்போது விடுதியில் என்னை அடித்தார்கள், நானே கற்றுக்கொண்டேன். எனக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் எனக்கும் அவனுக்கும் வித்தியாசம்.

ஜெ. என் மாமா பையன் இல்லை. ஜெயசீலன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாழ்கிறோம். வாரத்தில் இரண்டு நாள், திரையை இழுத்துவிட்டுக்கொண்டு. இதை நான் இந்த டைரியில்கூட இதுவரை எழுதியதில்லை.

அக்டோபர் 14

ஜெயசீலன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"திட்டறதுன்னா திட்டு" என்றேன்.

"கடைத்தெருவுல நீ எப்பவும் எனக்குப் பத்தடி முன்னாடியே நடக்கற. கவனிச்சிருக்கியா?"

"கூட்டமா இருக்கும், அதான்..."

"பஸ் ஸ்டாண்டுல கூட்டமே இல்லாதப்பவும்தான். இவ்வளவு வருஷமா நான் கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்கறேன். என் நடையும் சரியில்லையா?"

அவன் மறுபடி வெங்காயம் அரிய ஆரம்பித்தான். இரவு இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அக்டோபர் 22

பெங்களூரு போய்விட்டு வந்தேன்.

பேக்கரி ஒரு முனைக்கடை. வெளியே நின்று டீ குடிக்கிறவர்கள், உள்ளே பன்னும் பப்ஸும். யுகேந்திரன் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் நின்றான். தலையில் வலைத்தொப்பி. என்னைப் பார்த்தான். ஒரு நொடி கூடத் தயங்காமல், "என்ன சார் வேணும்?" என்றான், எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்பதுபோல.

"டீ" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவன் மாமாவிடம் நான் யார் என்று சொல்லி அனுமதி வாங்கி, கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவில் இரண்டு பேரும் நின்றோம். பஸ்ஸில் வரும்போது தயார் செய்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு யுகேந்திரா. உன் நடையில ஒண்ணும் இல்ல. நான்தான்..." அதை முடிக்கவில்லை. "திரும்ப வந்துடுப்பா. பரீட்சைய எப்படியாவது எழுத வெக்கறேன்."

அவன் மூட்டையின் சணல் நூலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"மாமா நல்லாத்தான் பாத்துக்கறாரு சார். இங்க யாரும் எதுவும் சொல்றதில்ல."

"படிக்கணும் இல்ல?"

"படிக்கணும்தான்."

"அப்புறம்?"

முதல் முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். "நீங்க அங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்க சார். எங்கம்மா முன்னாடி. இங்க வந்து, மாவு மூட்டைகிட்ட நின்னுக்கிட்டு, இல்லன்னு சொன்னா யாருக்கு சார் கேக்கும்?"

கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பதுபோலச் சொன்னான். மாமா உள்ளேயிருந்து கூப்பிட்டார். போய்விட்டான்.

டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார் மாமா. பையனோட வாத்தியார் ஆச்சே என்றார்.

அக்டோபர் 25

மேடத்திடம் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் யுகேந்திரன் விஷயத்தை வைக்கச் சொன்னேன். "அதான் முடிஞ்சுபோச்சே சார்" என்றார். முடியவில்லை மேடம் என்றேன். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நீங்க கேட்டா நான் என்னிக்கு முடியாதுன்னிருக்கேன்?" என்றார்.

அக்டோபர் 29

ஜெயசீலன் வந்திருந்தான். கூட்டத்தில் நான் சொன்னதைத் திரும்ப வாங்கப் போகிறேன் என்றேன். "நல்லது" என்றான். "வேற ஏதாவது கேட்டாங்கன்னா?" என்றான். கேட்க மாட்டார்கள் என்றேன். அரிசி களைந்தேன்.

நவம்பர் 3

கூட்டம். சொல்லி அனுப்பியதால் வேடியம்மா வந்திருந்தார். முனிரத்தினம், பச்சையப்பன், இன்னும் சில பெற்றோர். அமுதவல்லி டீச்சர் ஆசிரியர் பிரதிநிதி.

முதலில் குடிநீர்த் தொட்டி, அப்புறம் சுற்றுச்சுவர். என் முறை வந்தது. எழுந்தேன். சட்டைப் பையில் வைத்திருந்த தாளை எடுக்கவில்லை.

"போன தடவை இந்த அறையில யுகேந்திரன் நடையை மாத்திக்கணும்னு சொன்னேன். அது தப்பு. மாத்திக்க வேண்டியது அவன் இல்ல. அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன்" என்றேன். வேடியம்மா என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார்.

இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும், மூன்று பையன்களின் பெற்றோரையும் அழைத்துப் பேச வேண்டும், யுகேந்திரனைப் பள்ளியே போய் அழைத்து வர வேண்டும் என்றேன். முனிரத்தினம் ஏதோ முணுமுணுத்தார். பச்சையப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"ஒரே ஒரு பையனுக்கு இவ்வளவு துடிக்கறீங்களே சார். பெங்களூர் வரைக்கும் போனீங்களாமே. என்ன சார், நீங்களும் அந்த மாதிரிதானா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இரண்டு பேர் கூடவே சிரித்தார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது. இத்தனை வருடமும் தானாக வரும் அதே சிரிப்பும் வந்துவிட்டது. உதட்டில் அது இருப்பது எனக்கே தெரிந்தது. எதிரில் வேடியம்மா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"ஆமா சார்" என்றேன்.

பச்சையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும் அந்த மாதிரிதான். அது எங்க தெரிஞ்சுடுமோன்னுதான் அன்னிக்கு அந்தப் பையனை விட்டுக்கொடுத்தேன்."

குரல் உறுதியாக வரவில்லை. கடைசி வார்த்தை யாருக்கும் கேட்டிருக்காது. பச்சையப்பன் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்தார். முனிரத்தினம் எழுந்து வெளியே போய்விட்டார். மேடம் பேனாவை எடுத்து, "கழிவறை மேற்பார்வைக்கு ஆசிரியர் நியமனம், மாணவனை மீண்டும் சேர்ப்பது. மத்த பொருள்கள் விவாதிக்கப்பட்டன" என்று வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதினார். என்னைப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு, "எனக்கு எதுவும் கேக்கல சார். நீங்களும் எதுவும் சொல்லல. பாடத்த நடத்துங்க" என்றார். அது இரக்கமா, எச்சரிக்கையா?

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு உடுத்தியது எல்லாம் உருவப்பட்ட மாதிரிதான் இருந்தது. அந்தப் பையனுக்கு அன்று கழிப்பறையில் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன். ஆனால் என்னை யாரும் தொடவில்லை. நான் பெரியவன், என் விருப்பத்தில் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல.

நவம்பர் 4

ஜெயசீலன் படியேறும்போதே முகம் சரியில்லை. அதற்குள் வீட்டுக்காரம்மா காதுக்குப் போய்விட்டது. வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லையாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

"நீ உன்னைப் பத்தி சொன்ன. சரி. என்னையும் சேத்து இல்ல சொல்லிட்ட?"

நான் அதை யோசிக்கவே இல்லை. உண்மையாகவே யோசிக்கவில்லை.

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா... எங்க கம்பெனில இந்த ஊர்க்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம் இல்ல?"

"அந்த நேரத்துல..."

"போன வாரமே நான் கேட்டேன். வேற ஏதாவது கேட்டாங்கன்னான்னு."

ஞாயிறு காலையில் போக வேண்டியவன் சனி மாலையே கிளம்பிவிட்டான். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன், பக்கத்திலேயே நடந்து. "பரவால்ல, நீ முன்னாடி போ" என்றான்.

ஒரு பையனை விட்டுக்கொடுத்து என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். அவனைக் காப்பாற்றப் போய் இன்னொருவனை விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 8

அடுத்த சுற்றுப் பயிற்சிக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டதாக மாவட்ட அலுவலகத்திலிருந்து போன். காரணம் கேட்கவில்லை. மதியம் ஆசிரியர் அறையில் நான் உட்கார்ந்த பெஞ்சில் இடம் நிறைய இருந்தது. அமுதவல்லி டீச்சர் எதிரில் வந்து உட்கார்ந்து, "கத்திரிக்காய்ல உப்பு கொஞ்சம் தூக்கல், பாத்துப் போட்டுக்கங்க" என்று டப்பாவை நகர்த்தினார்.

நவம்பர் 12

ஜெயசீலன் வரவில்லை. போனில் பேசினான். கம்பெனியில் யாரும் எதுவும் கேட்கவில்லையாம், இதுவரைக்கும்.

நவம்பர் 15

அமுதவல்லி டீச்சரும் வேடியம்மாவும் பெங்களூரு போய் யுகேந்திரனை அழைத்து வந்துவிட்டார்கள். நான் போகலாமா என்று கேட்டதற்கு, "வேண்டாம் சார், நாங்க போயிட்டு வர்றோம்" என்றார் டீச்சர். காரணம் சொல்லவில்லை.

நவம்பர் 18

ஜெயசீலன் வந்தான். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கவில்லை. தீரவில்லை என்பது தெரிந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தேன், போர்வையின் மறுமுனையை வந்து பிடித்துக்கொண்டான்.

நவம்பர் 20

யுகேந்திரன் இன்று பள்ளிக்கு வந்தான்.

வழிபாடு முடிந்ததும் வகுப்புக்குள் போகாமல் வாசலில் எனக்காக நின்றான். புதுச் சட்டை. மாமா வாங்கிக் கொடுத்திருப்பார்.

"நல்லா இருக்கியாப்பா?"

"நல்லா இருக்கேன் சார். அம்மா சொன்னாங்க, கூட்டத்துல நீங்க பேசினது." காலடியில் இருந்த ஒரு கல்லைச் செருப்பால் தள்ளினான். "எல்லாத்தையும் சொன்னாங்க."

தலையாட்டினேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுப்பா."

"என்னை 'ஆ' பிரிவுக்கு மாத்தி விடறீங்களா?"

"ஏன்? பசங்க திரும்பவும் ஏதாவது..."

"பசங்க இல்ல சார்." கொஞ்சம் யோசித்தான். என்னைக் காயப்படுத்தாமல் சொல்ல வார்த்தை தேடுகிறான் என்பது புரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. "நீங்க இப்ப சொன்னது எல்லாம் சரி சார். ஆனா உங்களைப் பாத்தா எனக்கு அந்த ரூம்தான் ஞாபகம் வருது."

சரி என்றேன். மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். அவர் காரணம் கேட்டார். என்னால்தான் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 'ஆ' பிரிவு வகுப்பாசிரியை அமுதவல்லி டீச்சர். அவன் பையை வாங்கி முதல் பெஞ்சில் வைத்து, "இங்க உக்காரு, காத்து வரும்" என்றார்.

எங்கள் இரண்டு வகுப்புக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரை போகாது. மதியம் என் வகுப்பில் பிள்ளைகள் வரைபடம் வரைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் தமிழ்ப் பாடம். "யுகேந்திரா, நீ வாசி" என்று டீச்சர் சொன்னது கேட்டது. அவன் வாசிக்க ஆரம்பித்தான். மெல்லிய குரல், கொஞ்சம் இழுத்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் மேலே ஏறும் குரல். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் எதுவும் சொல்லவில்லை, அவனும் நிறுத்தவில்லை. சிரிப்பு தானாக அடங்கியது. பக்கம் முடியும் வரை வாசித்தான். பிசிறில்லாமல் வாசித்தான்.

ஜூன் மாதத்திலிருந்து அவன் என் வகுப்பில் இருந்தான். நான் ஒருநாள்கூட அவனை எழுந்து வாசிக்கச் சொன்னதில்லை. அவன் குரலைக் கேட்டுப் பிள்ளைகள் சிரிப்பார்களே, அவனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.